உரிமத்தில் இருந்த ஒரு வரி

2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஹோ சி மின் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளிகள் வெளிநாட்டவர். தலைமைக் கணக்காளர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு வியட்நாமியப் பெண்மணி. அவரை அனைவரும் ‘சி’ என்றே அழைத்தார்கள். அந்நாட்டு மொழியில் அக்கா என்று பொருள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். சேர்ந்த இரண்டாம் நாள் அவர் இரும்பு அலமாரியைத் திறந்து, நெகிழி உறைக்குள் பாதுகாத்து வைத்திருந்த முதலீட்டு உரிமத்தை எடுத்து என் முன்னே வைத்தார். நிறுவனத்தின் பெயர், மூலதனம், நில அளவு, உரிமக் காலம் என்று நீண்ட அந்தத் தாளில் ஒரே ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடிட்டிருந்தார். உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஏற்றுமதி செய்தால் வருமான வரி குறைந்த விகிதத்தில் வசூலிக்கப்படும், தொடக்க ஆண்டுகளில் முழு விலக்கும் அதன்பின் பாதி விலக்கும் உண்டு என்பதே அந்த வரி. “இந்தத் தொழிற்சாலை இதன்மீதுதான் நிற்கிறது. ஆனால் இது இன்னும் செல்லுமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை” என்றார்.

அப்படியொரு வரி ஏன் எழுதப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, 1980-களின் வியட்நாமுக்குப் போக வேண்டும். 1986 டிசம்பரில் நடந்த ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு ‘டோய் மோய்’ என்ற சீரமைப்பை அறிவித்தது. ஓராண்டு கழித்து, 1987 டிசம்பர் 29 அன்று, அந்நிய முதலீட்டுச் சட்டம் நிறைவேறியது. திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து அப்போதுதான் வெளியே எட்டிப் பார்த்த ஒரு நாடு, முழுக்க முழுக்க அந்நியருக்கே சொந்தமான நிறுவனத்தையும் அனுமதித்தது. இலாப வரியை 15 முதல் 25 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. இலாபம் காணும் முதல் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை விலக்கும், அடுத்த இரண்டு ஆண்டுகள் வரை பாதிக் குறைப்பும் தரலாம் என்றது. நாட்டிடம் நிலமும் உழைக்கும் கைகளும் இருந்தன; மூலதனமும் அந்நியச் செலாவணியும் இல்லை. அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 பிப்ரவரி வரை நீடித்தது. சோவியத் உதவியோ 1991-க்குள் வற்றிப்போனது. டாலர் இல்லாத அரசு, உள்ளே வரும் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கு வேண்டிய டாலரைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்ததில் வியப்பில்லை. 1991-இல் நகரத்தின் தெற்கே சதுப்பு நிலத்தை மேடாக்கி, ‘தான் துவான்’ என்ற ஏற்றுமதி மண்டலம் அமைக்கப்பட்டதும் இந்த எதிர்பார்ப்பில்தான். எங்கள் உரிமத்தில் இருந்த வரி, பசியோடு இருந்த ஓர் அரசு தனக்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன வாக்கியம். அதை அந்தக் காலத்தின் தவறு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

ஆனால் அந்தச் சலுகையின் சுமை எங்கே இறங்கியது என்பதை எங்கள் தொழிற்சாலையின் பின்வாசலில் நின்றாலே பார்க்கலாம். ஆடைகளை அடுக்கி அனுப்பும் அட்டைப் பெட்டிகளை அருகிலிருந்த ஒரு சிறு பட்டறை செய்து தந்தது. கணவனும் மனைவியும் பதினைந்து இருபது ஆட்களும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த மனைவி விலைச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து, சியின் மேசைக்கு எதிரே அமர்ந்து, ஒவ்வொரு பெட்டியின் விலையையும் வாய்விட்டுக் கணக்குப் போடுவார். 1999 முதல் 2003 வரை உள்நாட்டு நிறுவனங்களின் பொது வரி விகிதம் 32 விழுக்காடு; அந்நிய முதலீட்டு நிறுவனங்களுக்கோ 25, அதிலும் நிபந்தனைகள் பொருந்தினால் 20, 15, 10 என்று இறங்கிக்கொண்டே போகும். 2004-இல் இருவருக்கும் 28 என்று ஒன்றாக்கினார்கள்; 2009-இல் அது 25 ஆனது. பொது விகிதம் சமமான பிறகும் சலுகைகளின் படிக்கட்டு அப்படியே நின்றது. நாங்கள் விலக்குக் காலத்தில் இருந்த ஆண்டுகளில், எங்களுக்குப் பெட்டி செய்து தந்தவர்கள் முழு வரியும் கட்டினார்கள். பெட்டி எங்கள் ஆடையோடு கடல் கடந்து போனாலும் சட்டத்தின் பார்வையில் ஏற்றுமதி செய்தது நாங்கள்தான், அவர்கள் அல்லர்.

இதற்கிடையில் வெளியிலிருந்து வேறொரு விதி வந்துகொண்டிருந்தது. 1995 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பு தொடங்கிய அதே மாதத்தில் வியட்நாம் அதில் சேர விண்ணப்பித்தது. அந்த அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் மூன்றாம் பிரிவு இரண்டு வகை மானியங்களை அடியோடு தடை செய்கிறது. ஏற்றுமதி செய்தால் தருவோம் என்பது ஒன்று. இறக்குமதிப் பொருளை விட்டு உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தினால் தருவோம் என்பது மற்றொன்று. இவற்றால் பிற நாட்டுக்குப் பாதிப்பு நேர்ந்ததா என்று எண்பிக்கவே தேவையில்லை. நிபந்தனை அப்படி இருந்தாலே தடைதான். வர்த்தகம் சார்ந்த முதலீட்டு நடவடிக்கைகளுக்கான இன்னோர் ஒப்பந்தம், தொழிற்சாலை இத்தனை விழுக்காடு உள்ளூர்ப் பாகங்களை வாங்க வேண்டும், இறக்குமதியை ஏற்றுமதி வருவாயோடு சரிக்கட்ட வேண்டும் என்பன போன்ற கட்டாயங்களை விலக்கியது. இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலர் குழம்புகிறார்கள். துணியையும் நூலையும் சுங்கவரி இல்லாமல் இறக்குமதி செய்து, ஆடையாக்கித் திரும்ப ஏற்றுமதி செய்வது மானியம் ஆகாது. ஏற்றுமதிப் பொருளில் கரைந்துபோன உள்ளீட்டின் வரியைத் திருப்பித் தருவதை ஒப்பந்தமே ஏற்கிறது. தடை செய்யப்படுவது, ஏற்றுமதி செய்தாய் என்பதற்காக உன் இலாபத்தின்மீது வரியைக் குறைப்பதுதான்.

திட்டமிட்ட பொருளாதாரத்திலிருந்து சந்தைக்கு மாறும் நாடுகள் என்ற ஒரு பிரிவை மானிய ஒப்பந்தத்தை எழுதியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அதன் 29-ஆம் பிரிவு, அந்நாடுகள் தடை செய்யப்பட்ட மானியங்களைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள 7 ஆண்டுகள் தந்தது. ஆனால் அந்த 7 ஆண்டுகள் 1995 முதல் எண்ணப்பட்டதால், 2001 முடிவில் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அந்தப் பிரிவு யாருக்காக எழுதப்பட்டதோ அந்த நாடுகளில் பல அப்போது இன்னும் வாசலில்தான் காத்திருந்தன. வியட்நாமின் சேர்க்கை 2006 நவம்பர் 7 அன்று ஏற்கப்பட்டது. 2007 ஜனவரி 11 அன்று அது 150-ஆவது உறுப்பினர் ஆனது. தாமதமாக வந்தவர் எல்லாவற்றையும் பேச்சுவார்த்தை மேசையில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வியட்நாம் கேட்டு வாங்கியது, சேர்வதற்கு முன்பே வழங்கியிருந்த ஏற்றுமதி சார்ந்த முதலீட்டுச் சலுகைகளுக்கு 5 ஆண்டு அவகாசம். ஆடைத் தொழிலுக்கு மட்டும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. சேர்ந்த நாளிலேயே நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் நெசவு ஆலைகள் உள்ள மாநிலங்களின் செனட்டர்கள் இருவர், வியட்நாமுக்கு நிரந்தர இயல்பு வர்த்தக உறவு வழங்கும் சட்டத்தையே தடுத்து வைத்திருந்தனர். வியட்நாமிய ஆடை இறக்குமதியைத் தனியாகக் கண்காணிப்போம் என்று அமெரிக்க அரசு உறுதி தந்த பிறகே தடை விலகியது. அந்த அச்சத்தின் விலையைத்தான் ஹோ சி மின் நகரத்தின் புறப்பகுதியில் இருந்த எங்கள் உரிமத்தின் ஒரு வரி செலுத்தியது.

2010-இல் எங்கள் தொழிற்சாலைக்கு வரித் தணிக்கை வந்தது. 2007 முதல் ஏற்றுமதிச் சலுகை எங்களுக்கு இல்லை; எனவே மூன்று ஆண்டுகளின் வரி வேறுபாட்டையும் அதன்மீதான தாமதத் தண்டத்தையும் கட்ட வேண்டும் என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் இனி எந்த நிபந்தனையின்கீழ் எப்படிக் கணக்கிட வேண்டும் என்ற தெளிவான வழிகாட்டுதல் எங்கள் கைக்கு வரவே இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் சி பழைய விகிதத்திலேயே கணக்குத் தாக்கல் செய்தார். அவை கேள்வியின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்டன. 2005-ஆம் ஆண்டின் முதலீட்டுச் சட்டம், பின்னால் வரும் சட்டத்தால் முதலீட்டாளரின் பயன் குறைந்தால் பழைய சலுகை காக்கப்படும் அல்லது வேறு வழியில் ஈடு செய்யப்படும் என்று உறுதி கூறியிருந்ததை எங்கள் இயக்குநர்கள் சுட்டிக்காட்டினார்கள். பன்னாட்டு ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்று பதில் வந்தது. ஒரு நாடு தன் முதலீட்டாளருக்குத் தந்த வாக்கும், அதே நாடு உலகத்துக்குத் தந்த வாக்கும் ஒரே மேசையில் மோதிக்கொண்டதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சி அன்று செய்த காரியத்தை நான் இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். அவர் இயக்குநர்களோடு சேர்ந்து கோபப்படவில்லை. மூன்று வாரங்கள், இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து, உரிமம் வழங்கப்பட்ட நாளில் நடைமுறையில் இருந்த அரசாணைகளை எல்லாம் வரிவரியாகப் படித்தார். ஏற்றுமதி விகிதத்தைத் தவிர, நிறுவனம் வேறு எந்த நிபந்தனைக்காகச் சலுகை பெறத் தகுதியாக இருந்தது என்பதே அவர் தேடிய விடை. புதிய விதி ஏற்றுமதிக் காரணத்தைத்தான் ஒழித்தது. அமைவிடம், தொழிலாளர் எண்ணிக்கை போன்ற பிற காரணங்கள் பொருந்தினால் எஞ்சிய காலத்துக்குச் சலுகையைத் தொடரலாம் என்று இடம் விட்டிருந்தது. எங்கள் கூரையின்கீழ் எத்தனை பெண்கள் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்கான சமூகக் காப்பீட்டுப் பதிவேடுகளை அவர் திரட்டினார். தண்டத்தின் ஒரு பகுதியைக் கட்டினோம். எஞ்சிய ஆண்டுகளுக்கு, முன்னைவிடக் குறைவான சலுகை, வேறொரு காரணத்தின்பேரில் கிடைத்தது. அதே ஆலை, அதே ஆடை, ஏறத்தாழ அதே ஆட்கள். மாறியது அரசு எதற்காக எங்களைப் பாராட்டுகிறது என்பது மட்டும்தான். நேற்றுவரை சரக்கு எங்கே போகிறது என்பதற்காகச் சலுகை தந்த நாடு, இனி எத்தனை பேருக்கு வேலை தருகிறாய் என்பதற்காகத் தந்தது. தொகையைப் பார்த்தால் அது இழப்பு. நாட்டின் நோக்கத்தைப் பார்த்தால் அது முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன்.

வாக்கைத் திரும்பப் பெறுவதில் முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா ஒரு வேதனையான எடுத்துக்காட்டு. 1998-இல் அந்நாடு, வேலையிழப்பால் தவித்த பின்தங்கிய பகுதிகளில் முதலீடு செய்வோருக்கு ஓர் அவசர ஆணையின் மூலம் சலுகைகளை அறிவித்தது. மூலப்பொருள் மீதான சுங்கவரி விலக்கும் இலாப வரி விலக்கும் அவற்றில் அடங்கும். பிகோர் மாவட்டத்தின் ஸ்டெய்-நூசெட் பகுதியில், ருமேனியாவில் பிறந்து சுவீடன் குடியுரிமை பெற்ற மிகுலா சகோதரர்கள் உணவுப்பொருள் ஆலைகளை நிறுவினார்கள். சலுகை 2009 ஏப்ரல் 1 வரை நீடிக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியில், அரசு உதவி தொடர்பான ஒன்றிய விதிகளுக்கு உட்படுவதற்காக, 2005 பிப்ரவரியில் ருமேனியா, இலாப வரி விலக்கைத் தவிர மற்றவற்றை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு சகோதரர்கள் சுவீடன்-ருமேனியா முதலீட்டு உடன்படிக்கையின்கீழ் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2013 டிசம்பரில் தீர்ப்பாயம் பெரும்பான்மையாக ருமேனியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, வட்டி நீங்கலாகவே 37 கோடி லெய்க்கு (ருமேனிய நாணயம்) மேற்பட்ட இழப்பீட்டை வழங்கச் சொன்னது. முதலீட்டாளரின் நியாயமான எதிர்பார்ப்பு முறிந்தது. சலுகை முன்னதாகவே முடியப்போவதை அவர்களுக்கு உரிய காலத்தில் தெரிவிக்கவுமில்லை. இவையே தீர்ப்பின் மையம். 2015 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், அந்த இழப்பீட்டைக் கொடுப்பதே விதிக்குப் புறம்பான அரசு உதவி ஆகும் என்று முடிவெடுத்தது. கொடுத்தால் ஒன்றியத்துக்குக் குற்றவாளி, கொடுக்காவிட்டால் உடன்படிக்கைக்குக் குற்றவாளி. வழக்கு 2019, 2022, 2024 என்று ஐரோப்பிய நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. கடைசியாக 2024 அக்டோபரில் ஆணையத்தின் முடிவு உறுதி செய்யப்பட்டது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் ‘உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை’ என்ற காரணத்திலேயே என் கண் நின்றுவிடும். சலுகையைக் குறைக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதைக் கேட்கும் உரிமை அது சேர விரும்பும் அமைப்புக்கும் உண்டு. ஆனால் சியின் கையில் அந்த வழிகாட்டுதல் 2007 ஜனவரியிலேயே இருந்திருந்தால், எங்கள் தொழிற்சாலை தண்டம் கட்டியிருக்காது. அவரும் மூன்று வாரம் கண் விழித்திருக்க மாட்டார். பிற தொழில்களுக்கு வியட்நாம் வாங்கித் தந்த 5 ஆண்டு அவகாசத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். ருமேனியா நான்கு ஆண்டு முன்னதாக முறித்த இடத்தில், வியட்நாம் 2012 ஜனவரி வரை நேரம் கேட்டுப் பெற்றது. அதற்குள் நிறுவனங்கள் தங்கள் காரணங்களை மாற்றிக்கொள்ள வழி விட்டது. பேச்சுவார்த்தை மேசையில் அந்த 5 ஆண்டுகளுக்காக வாதாடிய அதிகாரிகளின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்கள் அந்நாட்டுக்குப் பெரும் தொண்டு செய்தார்கள்.

நம் ஊர்ப் பின்னலாடைக்காரர்களுக்கும் இது அந்நியமான கதை அன்று. மானிய ஒப்பந்தத்தின் இணைப்பில் வருமான வரம்பு வைத்துப் பட்டியலிடப்பட்ட நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன; அந்த வரம்புக்குக் கீழே இருக்கும்வரை ஏற்றுமதி மானியத் தடை அவற்றைத் தொடாது. இந்தியா அந்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில், 2019 அக்டோபர் 31 அன்று உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழுவின் அறிக்கை பெரும்பாலும் இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் ஆடைகளுக்கு 2019 மார்ச் முதலும் பிற பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதலும், ஏற்றுமதி மதிப்பில் ஒரு விகிதத்தைப் பரிசாகத் தந்த பழைய திட்டத்தின் இடத்தில், ஏற்றுமதிப் பொருளில் திரும்பக் கிடைக்காமல் தங்கிவிடும் வரிகளைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. திருப்பூரில் இருக்கும் என் நண்பர் கிடைக்கும் விகிதம் குறைந்ததை மட்டுமே சொல்லி வருந்துவார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆயினும் அங்கேயும் மாறியது காரணத்தைச் சொல்லும் வரிதான்.

வியட்நாமில் கதை 2012-ஓடு முடியவில்லை. ஏற்றுமதி என்ற காரணம் போனபின், இடமும் தொழில்நுட்பமும் காரணங்களாயின. உயர்தொழில்நுட்பத் திட்டங்களுக்கு 15 ஆண்டுகள் 10 விழுக்காடு வரி, அதில் முதல் 4 ஆண்டுகள் முழு விலக்கு, அடுத்த 9 ஆண்டுகள் பாதி என்பது சட்டமாக நின்றது. சாம்சங் 2009-இல் பாக் நின் மாகாணத்தில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. இன்டெல் 2010-இல் சைகோன் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஆலையைத் திறந்தது. இன்று வியட்நாமின் ஏற்றுமதியில் 70 விழுக்காட்டுக்கு மேல் அந்நிய முதலீட்டு நிறுவனங்களுடையது. இதைச் சாதனை என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கோ அந்த எண் ஒவ்வொரு முறையும் அட்டைப் பெட்டிப் பட்டறையை நினைவூட்டுகிறது. எஞ்சிய பங்கில், எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான உள்நாட்டு நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.

அடுத்த கதவு 2024 ஜனவரி 1 அன்று மூடியது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் பன்னாட்டுக் குழுமங்கள் எந்த நாட்டில் இயங்கினாலும் குறைந்தது 15 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்று 2021-இல் உலக நாடுகள் பெரும்பாலானவை உடன்பட்டன. 10 விழுக்காடும் அதில் பாதியும் வாங்கிக்கொண்டிருந்த வியட்நாம் மீதியை வசூலிக்காவிட்டால், அந்த மீதியைத் தாய்நாடான கொரியாவோ ஜப்பானோ வசூலித்துக்கொள்ளும். தன் சலுகை இன்னொரு நாட்டின் கருவூலத்துக்குப் போவதை எந்த அரசு பொறுத்துக்கொள்ளும்? 2023 நவம்பர் 29 அன்று வியட்நாமின் தேசிய அவை, கூடுதல் வரியைத் தானே வசூலிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 122 அந்நியக் குழுமங்கள் இதற்குள் வரும் என்பது வரித்துறையின் அப்போதைய கணிப்பு. 2024-இன் கடைசி நாளில் முதலீட்டு ஆதரவு நிதி ஒன்று ஆணையாக வந்தது. பயிற்சி, ஆராய்ச்சி, நிலையான சொத்துகள் ஆகியவற்றுக்கான செலவில் ஒரு பகுதியைப் பணமாகவே தருவது அதன் வேலை. குறைகடத்தி, செயற்கை நுண்ணறிவுத் துறைகளின் ஆராய்ச்சி மையங்களுக்குத் தொடக்க முதலீட்டில் பாதி வரைகூடத் தரலாம்.

பணமாகத் தருவதில் ஒரு நன்மையை நான் காண்கிறேன். வரி விலக்கு, இலாபம் பெருகப் பெருகத் தானும் பெருகும். எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பது யாருடைய கணக்கிலும் தெளிவாகத் தெரியாது. பணமாகக் கொடுத்தால் அது வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் எண்ணாக வரும். ஏன் கொடுத்தோம் என்று மக்களவையில் கேட்கலாம். ஆனால் அதன் ஆபத்தும் அந்த வெளிப்படைத்தன்மையிலேயே இருக்கிறது. ஏற்றுமதியோடும் உள்நாட்டுப் பொருளோடும் முடிச்சிடாத மானியம் தடை செய்யப்பட்டதன்று. ஆயினும் குறிப்பிட்ட சில நிறுவனங்களுக்கே அது போய்ச் சேர்ந்து பிற நாட்டுத் தொழிலைப் பாதித்தால், அதைச் சரிக்கட்டும் கூடுதல் சுங்கவரி வரலாம். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த மூன்றாம் ஆண்டிலேயே, 2009-இல், நெகிழிப் பைகளின்மீது அமெரிக்கா தொடங்கிய விசாரணையில் வியட்நாம் இதை முதன்முறையாக அனுபவித்தது. சந்தைப் பொருளாதாரம் அல்லாத நாடு என்ற முத்திரையை 2018 முடிவு வரை ஏற்பதாகச் சேரும்போது ஒப்புக்கொண்ட வியட்நாமை, அமெரிக்க வர்த்தகத் துறை 2024 ஆகஸ்டிலும் அதே முத்திரையோடு வைத்திருக்கத் தீர்மானித்தது. கேட்ட விதிகளையெல்லாம் ஏற்று, உரிமங்களைத் திருத்தி எழுதிய நாட்டுக்கு இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2025 ஜூனில் வியட்நாம் புதிய நிறுவன வருமான வரிச் சட்டத்தை இயற்றியது. அது அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது விகிதம் 20 விழுக்காடு. தொழிற்பூங்காவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு புதிய திட்டம் சலுகை பெறும் வழக்கம் நீங்கியது. ஆண்டு வருவாய் 300 கோடி டாங்குக்கு (வியட்நாமிய நாணயம்) மேற்படாத நிறுவனத்துக்கு 15 விழுக்காடு. அதற்கு மேல் 5,000 கோடி டாங்கு வரை 17. அந்நியர் என்றோ ஏற்றுமதி என்றோ அதில் நிபந்தனை இல்லை. சிறியது என்பதே காரணம்.

செய்தியைப் படித்த அன்று சிக்கு எழுதினேன். அவர் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மறுநாள் பதில் வந்தது. சட்டம் வெளியான வாரமே அதை அச்செடுத்து, பொருந்தும் வரியின் அடியில் பென்சிலால் கோடிட்டு, அட்டைப் பெட்டிப் பட்டறைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதாகவும், பட்டறையை இப்போது அவர்களுடைய மகள் நடத்துவதாகவும், 17 என்ற எண்ணை அந்த மகளின் தாயார் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டதாகவும் எழுதியிருந்தார்.